கேப்போவின் அழுத்தமும் பாடுபவரின் சுருதியும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோழி பாட, நான் அவருக்குக் கிட்டார் வாசித்தேன். அந்தப் பாடலை ஜி மேஜரில்தான் நான் பழகியிருந்தேன். அவருடைய குரலுக்கு அது தாழ்வாக இருந்தது. நான்கு அரைச்சுரம் மேலே, பி மேஜரில் பாடினால் குரல் நன்றாக மலர்ந்தது. ஆகவே கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் நான்காவதில், தந்திகள் அனைத்தையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை மாட்டி, அதே ஜி மேஜர் விரலமைப்புகளையே வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு வரி பாடியதும் அவர் நிறுத்திவிட்டு, “சுருதி சேரவில்லையே, ஒருமுறை பாருங்கள்” என்றார். அதற்குச் சற்று முன்தான் ஆறு தந்திகளையும் சுருதி காட்டும் ட்யூனர் வைத்துச் சரிபார்த்திருந்தேன். கேப்போவைக் கழற்றிப் பார்த்தபோது எல்லாத் தந்திகளும் சரியாகவே இருந்தன. மீண்டும் மாட்டியதும் ஆறாம் தந்தியிலும் ஐந்தாம் தந்தியிலும் ட்யூனரின் ஊசி வலப்பக்கம் தெளிவாகச் சாய்ந்தது. மற்றவற்றிலும் சிறிது ஏற்றம் தெரிந்தது. குறை தந்தியிலும் இல்லை, பாடியவரிடமும் இல்லை. கேப்போ தந்திகளைத் தேவைக்கு மேல் அழுத்திக்கொண்டிருந்தது.

அதுவரை, ஒரு கையால் சட்டென்று மாட்டிக் கழற்ற முடிகிறதா என்பதை மட்டும் பார்த்தே கேப்போ வாங்கிவந்தேன். கடைகளிலும் விளம்பரங்களிலும் அந்த விரைவுதான் பெரிதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் ஒரு பாடலுக்கு ஒருமுறை மாட்டும் கருவியில் இரண்டு நொடி மிச்சமாவதால் பெரிய பயன் எதுவும் இல்லை. மாட்டிய பிறகு வரும் நான்கைந்து நிமிடங்கள் முழுவதும் சுருதி எப்படி நிற்கிறது என்பதே கேட்பவர் காதில் விழும். கேப்போவைத் தேர்ந்தெடுப்பதையும் பயன்படுத்துவதையும் பற்றி நான் எழுத நினைத்தது இந்த ஒரு புள்ளியிலிருந்து விரிவதுதான்.

கேப்போ செய்வது மிக எளிய வேலை. கிட்டாரின் தலைப்பகுதியில், தந்திகள் ஏறி நிற்கும் நட் என்ற சிறு பட்டையை, நாம் விரும்பும் ஃப்ரெட்டுக்கு நகர்த்திவிட்டதுபோல் அது செயல்படுகிறது. ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஓர் அரைச்சுரம். தந்தியின் அதிரும் நீளம் 650 மில்லிமீட்டர் உள்ள ஒரு கிட்டாரில் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ வைத்தால் அந்த நீளம் ஏறத்தாழ 579 மில்லிமீட்டராகவும், ஐந்தாம் ஃப்ரெட்டில் 487 ஆகவும், ஏழாம் ஃப்ரெட்டில் மூன்றில் இரண்டு பங்கு அளவான 434 ஆகவும் குறைகிறது. இத்தாலிய மொழியில் தலை என்றும் விரல்பலகை என்றும் பொருள்படும் இரு சொற்கள் சேர்ந்த ‘கேப்போதாஸ்தோ’ என்பதன் சுருக்கமே இன்று நாம் சொல்லும் பெயர். ஜொவான்னி பத்திஸ்தா டோனி 1640-இல் எழுதிய நூலிலேயே அந்தச் சொல் வருகிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கிட்டார் செய்துவந்த ஜேம்ஸ் ஆஷ்பர்ன் 1850-இல் ஒரு கேப்போவுக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசைக் கலைஞர்கள் ‘செஹியா’ என்று அழைக்கும் மரக் கேப்போ இன்றும் வழக்கில் இருக்கிறது: ஒரு மரத்துண்டு, அதன் அடியில் மெல்லிய தோல், கழுத்தைச் சுற்றிவரும் ஒரு நரம்பு, அதை முறுக்கி இறுக்க ஒரு முளை. இத்தனை எளிய அந்த அமைப்பில்கூட, இறுக்கத்தின் அளவு வாசிப்பவரின் விரலிலேயே இருக்கிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கேப்போ போட்டு வாசிப்பது, ஒரே விரலால் தந்திகளைக் குறுக்காக அழுத்திப் பிடிக்கும் பாரே கார்டுகளுக்கு (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பயந்து தேடிக்கொள்ளும் குறுக்குவழி என்று சிலர் கருதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பாரே பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் முழுவதும் அந்த வேலைக்கே போய்விடுகிறது. எஞ்சிய மூன்று விரல்களால் எட்டக்கூடிய அமைப்புகள் மட்டுமே கிடைக்கும். கேப்போ அந்த விரலை விடுவிக்கிறது. அதைவிட முக்கியமாக, விரல் படாமல் திறந்து ஒலிக்கும் தந்திகளின் கார்வையை அது எந்த சுருதியிலும் நமக்குத் தருகிறது. பி மேஜரைப் பாரேயாகப் பிடித்து வாசிப்பதும், நான்காம் ஃப்ரெட்டில் கேப்போ வைத்து ஜி மேஜர் அமைப்பில் வாசிப்பதும் பெயரளவில் ஒரே கார்டுதான் என்றாலும், சுரங்கள் அடுக்கப்படும் முறையும் ஒலியின் நீட்சியும் முற்றிலும் வேறு.

எந்த ஃப்ரெட் என்பதை முடிவுசெய்வது எண்ணிக்கைதான்: தெரிந்த அமைப்பின் சுருதியிலிருந்து பாடுபவரின் சுருதி வரை அரைச்சுரங்களை எண்ணினால் போதும். ஆனால் ஒரே சுருதிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. அதே பி மேஜரை இரண்டாம் ஃப்ரெட்டில் ஏ மேஜர் அமைப்புகளாலும், நான்காம் ஃப்ரெட்டில் ஜி மேஜர் அமைப்புகளாலும், ஏழாம் ஃப்ரெட்டில் ஈ மேஜர் அமைப்புகளாலும் வாசிக்கலாம். இரண்டாம் ஃப்ரெட்டில் ஒலி கனமாகவும் ஆழமாகவும் இருக்கும். ஆனால் ஜி மேஜர் பாடலில் எளிதாக வந்த ஈ மைனருக்குப் பதிலாக அங்கே எஃப் ஷார்ப் மைனர் அமைப்பு தேவைப்படும், அது பாரே. ஏழாம் ஃப்ரெட்டில் தந்தி குறுகி ஒலி மாண்டலின் போலக் கூர்மையாகிவிடும். கனத்த குரலுக்கு அடியில் அது தாங்கி நிற்காது, மெல்லிய குரலுக்கு மேலே மினுமினுப்பாக அமையும். இவற்றை வாசித்துக் கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு வழிகள் சமமாகத் தோன்றினால், கேப்போ தாழ்ந்த ஃப்ரெட்டில் நிற்கும் வழியையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி அழுத்தத்துக்கு வருகிறேன். தந்தியை ஃப்ரெட்டின் மேல் பதியவைக்கக் குறிப்பிட்ட அளவு விசை போதும். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு சிறு விசையும் தந்தியை ஃப்ரெட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்துக்குள் தள்ளுகிறது; தள்ளப்பட்ட தந்தி சற்று நீள்கிறது, இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறுகிறது. எல்லாத் தந்திகளும் ஒரே அளவில் ஏறினால்கூடத் தனியாக வாசிக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. அவை வெவ்வேறு அளவில் ஏறுவதுதான் சிக்கல். தடித்த ஆறாம் தந்தி மற்றவற்றைவிட உயர்ந்து நிற்பதால் கேப்போவின் ரப்பர் முதலில் அதைத்தான் தொடும், அதைத்தான் அதிகம் தள்ளும். உயரமான ஃப்ரெட்டுகள் உள்ள கிட்டாரில் பள்ளம் ஆழம் என்பதால் இந்த ஏற்றமும் அதிகம். நைலான் தந்தி எளிதில் நீண்டுகொடுக்கும் இயல்புடையது என்பதால் அதே அளவு தள்ளலுக்கு அதன் சுருதி எஃகுத் தந்தியின் அளவுக்கு மாறுவதில்லை.

ஓர் அரைச்சுரத்தை நூறு சென்டாகப் பிரித்தால் ஐந்து சென்ட் என்பது கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் முதல் தந்தியின் 329.6 ஹெர்ட்ஸ் சுரமும், அதைவிட ஐந்து சென்ட் உயர்ந்த அதே சுரமும் ஒன்றாக ஒலித்தால், நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை ஒலி எழுந்து தாழும் அலைவு கேட்கும். மெதுவான பாடலில், நீண்டு நிற்கும் ஒரு கார்டில், அந்த அலைவு போதும் பாடுபவரைத் தடுமாறச் செய்ய. என் தோழி கேட்டது அதைத்தான்.

ஸ்பிரிங் வைத்த கிளிப் வகையைத்தான் பெரும்பாலோர் முதலில் வாங்குகிறார்கள். கைப்பிடியை அமுக்கினால் திறக்கும், விட்டால் பிடித்துக்கொள்ளும். அதன் அழுத்தம் தொழிற்சாலையில் ஒரேயடியாக முடிவுசெய்யப்பட்டது. எந்தக் கிட்டாரிலும் மாட்டி நழுவாமல் நிற்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் அது தேவைக்கு அதிகமாகவே இருக்கும். கழுத்து அடுத்தடுத்த ஃப்ரெட்டுகளில் தடித்துக்கொண்டே போவதால், கேப்போ மேலே ஏற ஏற ஸ்பிரிங் இன்னும் விரிந்து அழுத்தமும் கூடும். திருகு வைத்த வகையில் அழுத்தத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம். நெம்புகோலும் திருகும் சேர்ந்த வகை இவை இரண்டுக்கும் நடுவில் நிற்பது. ஷப் நிறுவனத்தின் கேப்போக்கள் இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். திருகை ஒருமுறை சரிசெய்து வைத்துவிட்டால், பிறகு நெம்புகோலை மடக்கினால் மட்டும் போதும். கழுத்தைச் சுற்றி வளையம்போல் அமைந்து, பின்புறம் நடுவில் திருகு வைத்த வகை தந்திகளை நேர்க்கீழாக இழுப்பதால் பக்கவாட்டில் தள்ளுவதில்லை. வேண்டாதபோது நட்டுக்குப் பின்னால் ஒதுக்கிவைக்கவும் முடியும். மீள்தன்மை நாடாவால் கட்டும் பழைய வகை எடை இல்லாதது, ஆனால் நாடா தளரத் தளர ஓரத் தந்திகள் சரியாகப் பதியாமல் இரையத் தொடங்கும். எனக்குத் திருகு உள்ள வகைகளே உகந்தவை. மேடையில் பாடலுக்குப் பாடல் இடைவெளியின்றி மாற்ற வேண்டியவர்களுக்கு ஸ்பிரிங் வகையின் தேவையை மறுக்க மாட்டேன். அவர்களும் வாங்கும்போது சற்று மென்மையான ஸ்பிரிங்காகத் தேடிக்கொள்வது நல்லது.

அடுத்தது வளைவு. கிட்டாரின் ஃப்ரெட்போர்டு பெரும்பாலும் தட்டையானது அன்று. ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டுபோல் மெல்ல வளைந்திருக்கும். அந்த வட்டத்தின் ஆரம் மார்ட்டின் அக்கூஸ்டிக் கிட்டார்களில் 16 அங்குலம், கிப்ஸனில் பொதுவாக 12 அங்குலம், பழைய ஃபெண்டர் மின் கிட்டார்களில் 7.25 அங்குலம். ஆரம் குறையக் குறைய வளைவு அதிகம். கிளாசிக்கல் கிட்டாரில் பலகை தட்டை, அகலமும் நட்டருகே ஏறத்தாழ 52 மில்லிமீட்டர். எஃகுத் தந்திக் கிட்டாரில் அது 43, 44 மில்லிமீட்டர் அளவில் நிற்கும். தட்டையான கேப்போவை வளைந்த பலகையில் வைத்தால் நடுத் தந்திகளில் அதிக அழுத்தமும் ஓரத் தந்திகளில் குறைந்த அழுத்தமும் விழும்; ஓரத்தில் இரைச்சல் வருகிறதே என்று இன்னும் இறுக்கினால் நடுவில் சுருதி ஏறும். வளைந்த கேப்போவைத் தட்டையான பலகையில் வைத்தால் இதற்கு நேர்மாறு. ஆகவே வாங்கப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். கேப்போ இல்லாமல் சுருதி சேர்த்து, பிறகு இரண்டாம் ஃப்ரெட்டிலும் ஐந்தாம் ஃப்ரெட்டிலும் மாட்டி, ஒவ்வொரு தந்தியையும் ட்யூனரில் பாருங்கள். ஆறு தந்திகளும் சிறிதளவு மட்டும், ஏறத்தாழ ஒரே அளவில் ஏறினால் அது உங்கள் கிட்டாருக்கு உரிய கேப்போ. பன்னிரண்டு தந்திக் கிட்டார் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அதன் கீழ்ச்சுருதி இணைகளில் ஒரு தடித்த தந்தியும் ஒரு மெல்லிய தந்தியும் அருகருகே இருப்பதால், தடித்தது ரப்பரைத் தாங்கி நிற்க, மெல்லியது பதியாமல் போகும். மென்மையான, தடிமனான ரப்பர் உள்ள கேப்போ அங்கே தேவை.

மாட்டும் முறையும் தேர்வுக்கு இணையாகவே முக்கியம். கேப்போ ஃப்ரெட்டுக்கு மிக அருகில், நட்டின் பக்கமாக, ஃப்ரெட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். இரண்டு ஃப்ரெட்டுகளின் நடுவில் வைத்தால் பதியவைக்க அதிக அழுத்தம் தேவைப்படும், சுருதியும் ஏறும். ஃப்ரெட்டின் மேலேயே ஏற்றி வைத்தால் ஒலி மழுங்கும். நான் செய்வது இது: கேப்போ நிற்க வேண்டிய இடத்தில் இடக்கை ஆள்காட்டி விரலால் பாரேபோல் எல்லாத் தந்திகளையும் மெதுவாகப் பதித்துக்கொண்டு, அதை ஒட்டிக் கேப்போவை மாட்டியபின் விரலை எடுக்கிறேன். அப்போது கேப்போ மூடும்போது தந்திகளைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்வதில்லை. திருகு வகையாக இருந்தால், முதலில் தளர்வாக வைத்து, தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டியபடி, இரைச்சல் நிற்கும் வரை மட்டுமே திருகுகிறேன். இரைச்சல் நின்ற அந்த இடத்தில் கையை நிறுத்திவிட வேண்டும். ‘பாதுகாப்புக்காக இன்னும் ஒரு சுற்று’ என்பதில்தான் சுருதி கெடுகிறது. ஒரு ஃப்ரெட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கேப்போவைத் தந்திகளின் மேல் உரசி நகர்த்தாமல், கழற்றி மீண்டும் மாட்டுவதே சரி.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் சிறிது ஏற்றம் மிஞ்சும். அதைச் சரிசெய்ய, கேப்போவை மாட்டிய நிலையிலேயே சுருதி சேர்க்க வேண்டும். ட்யூனரில் கிட்டாருக்கான ஆறு சுரங்களை மட்டும் காட்டும் அமைப்பை விட்டு, பன்னிரண்டு சுரங்களையும் காட்டும் குரோமாட்டிக் அமைப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ இருந்தால் ஆறாம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை எஃப் ஷார்ப், பி, ஈ, ஏ, சி ஷார்ப், எஃப் ஷார்ப் என்று வர வேண்டும். முறுக்காணியைத் திருகும்போது, கேப்போவின் ரப்பர் தந்தியைப் பிடித்துக்கொண்டிருப்பதால் மாற்றம் உடனே தெரியாது. சற்று நேரம் கழித்து, பாடலின் நடுவில், அது திடீரென்று வழுக்கி இறங்கும். இதைத் தவிர்க்க, தேவையான அளவைவிடச் சிறிது அதிகமாகத் தளர்த்தி, கேப்போவுக்கும், தந்திகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் தந்தியை விரலால் மெதுவாகத் தூக்கி இழுத்துவிட்டு, பிறகு மேலே ஏற்றிச் சரியான இடத்தில் நிறுத்துகிறேன். கேப்போவைக் கழற்றியதும் மறுபடி பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டு கிட்டார்கள் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் கேப்போவின் அழகு முழுமையாக வெளிப்படுகிறது. பாடல் ஜி மேஜரில் இருந்தால் ஒருவர் கேப்போ இல்லாமல் வாசிக்க, மற்றவர் ஐந்தாம் ஃப்ரெட்டில் டி மேஜர் அமைப்புகளையோ ஏழாம் ஃப்ரெட்டில் சி மேஜர் அமைப்புகளையோ வாசிக்கலாம். சுருதி ஒன்றே, ஆனால் ஒருவர் தரையிலும் மற்றவர் மாடியிலும் நின்று பேசுவதுபோல் ஒலி இரண்டு தளங்களில் விரியும். இருவரும் ஒரே இடத்தில் ஒரே கார்டுகளை வாசித்தால் கிடைக்காத நிறைவு அது. மின் கிட்டாரிலும் இதற்கு இடம் உண்டு: புளூஸ் கலைஞர் ஆல்பர்ட் காலின்ஸ் எஃப் மைனர் கார்டுக்குத் தந்திகளைச் சேர்த்துவைத்து, கழுத்தில் உயரே கேப்போ மாட்டி வாசித்தவர்; அவருடைய கூர்மையான ஒலியில் அதற்கும் பங்கு உண்டு.

தொடக்கநிலையில் விரல் வலியால் தவிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தந்திகள் அனைத்தையும் ஒரு முழுச்சுரம் தாழ்த்திச் சேர்த்து, இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டிப் பழகுங்கள். சுருதி வழக்கமானதாகவே இருக்கும். ஆனால் தந்தியின் இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும், ஃப்ரெட்டுகளின் இடைவெளியும் சற்றுக் குறுகும். நட் உயரமாக வெட்டப்பட்ட கிட்டாராக இருந்தால் முதல் ஃப்ரெட்டில் விரல் படும் பாடும் இதனால் தீரும், ஏனென்றால் கேப்போ தந்தியை ஃப்ரெட்டின் உயரத்துக்கே இறக்கிவிடுகிறது. எஃப் மேஜரை அழுத்த முடியாமல் கிட்டாரையே மூடி வைத்துவிட நினைத்தவர்கள் இந்த முறையில் சில மாதங்கள் பழகித் தேறியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

எல்லாத் தந்திகளையும் மூடாமல், சிலவற்றை மட்டும் பிடிக்கும் பகுதிக் கேப்போவும் உண்டு. இரண்டாம் ஃப்ரெட்டில் ஐந்தாம், நான்காம், மூன்றாம் தந்திகளை மட்டும் மூடினால், திறந்த தந்திகள் ஈ, பி, ஈ, ஏ, பி, ஈ என்று ஒலிக்கும். ஆனால் கேப்போவுக்கு மேலே விரல் வைக்கும் இடங்களில் சுரங்கள் வழக்கமான இடத்திலேயே இருக்கும் என்பதால், பழகிய கார்டுகளை மறக்க வேண்டியதில்லை. முதல் கேப்போவாக இதை வாங்க வேண்டாம். முழுக் கேப்போவோடு நன்றாகப் பழகியபின் தேடிப் போங்கள்.

வாசித்து முடித்ததும் கேப்போவைக் கழற்றிவிடுங்கள். கழுத்துக்கு அதனால் பெரிய கேடு வரப்போவதில்லை என்றாலும், இரவு முழுவதும் மாட்டியிருந்தால் ரப்பரில் தந்திகளின் தடம் ஆழப் பதியும். பள்ளம் விழுந்த ரப்பர் தந்திகளைச் சமமாக அழுத்தாது. பல நிறுவனங்கள் மாற்று ரப்பரைத் தனியாக விற்கின்றன, கேப்போவையே மாற்ற வேண்டியதில்லை. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு உள்ள கிட்டாராக இருந்தால் கேப்போவைத் தலைப்பகுதியில் மாட்டி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், சில வகை ரப்பர்கள் அந்தப் பூச்சைக் கறைப்படுத்தும்.

அந்தத் தோழிக்கு இன்றும் வாசிக்கிறேன். அதே பாடல், அதே நான்காம் ஃப்ரெட், அதே ஜி மேஜர் அமைப்புகள். திருகை மெல்ல இறுக்கி, இரைச்சல் நின்ற இடத்தில் நிறுத்தி, ஆறாம் தந்தியை ஒருமுறை மட்டும் சிறிது இறக்கிச் சரிசெய்கிறேன். அதற்கு அரை நிமிடம் ஆகிறது. அதுவரை அவர் காத்திருக்கிறார். பிறகு நடுவில் நிறுத்தாமல் பாடி முடிக்கிறார்.